இருபத்தெட்டு மில்லி

பிப்ரவரி 5, திங்கள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குச் சரியா ஒரு வாரம் இருக்கு. டிசம்பர்ல எழுதிக் குடுத்த கெமிக்கல் இன்னைக்குத்தான் வந்து இறங்குச்சு. பழைய கம்பெனி இல்லை, புதுசு. டப்பா எல்லாம் வெள்ளை வெளேர்னு அழகாத்தான் இருக்கு. எழுத்துதான் எறும்பு ஊர்ற மாதிரி. கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். டப்பா எண்ணிக்கை சரியா இருந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில அடுக்கிட்டேன்.

ப்யூரெட்டுக் குழாய் முப்பது கழுவினேன். அதுல நாலு ஒழுகுது. திருகுல வாசலின் தடவி மூணைச் சரி பண்ணிட்டேன். நாலாவது தேறாது.

ஆபீசுக்குப் புதுசா வந்த டைப்பிஸ்ட் பொண்ணு லேப் பக்கம் எட்டிப் பாத்து, "அக்கா, உங்களுக்கு இங்க என்ன வேலை?"ன்னு கேட்டுச்சு. ஆய்வக உதவியாளர்னேன். "ஓ, பாட்டில் கழுவுறதா"ன்னுட்டுப் போயிருச்சு. ஆமா தாயி, பாட்டிலும் கழுவுறேன். பத்தொன்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கை பட்ட ஒவ்வொரு சொட்டு அமிலமும் இந்தக் குருவம்மா கலக்கிக் குடுத்தது. என் கரைசலால ஒரு பிள்ளைக்கு அரை மார்க் குறைஞ்சது கிடையாது. கண்ணு இருக்கிறவங்களுக்குத் தெரியும், இல்லாதவங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது.

பிப்ரவரி 6, செவ்வாய்

கேஸ் புக் பண்ணணும். குக்கருக்கு வாஷர். காய்ச்சி வடிச்ச தண்ணி ஆறு கேன் ஆச்சு, இன்னும் நாலு வேணும்.

பிப்ரவரி 7, புதன்

அந்த மாரீஸ்வரி இன்னைக்கும் ஒரு பிப்பெட்டை உடைச்சா. இந்த வருஷத்துல மூணாவது. கை அப்படி நடுங்குது அவளுக்கு. "உன்னை எல்லாம் லேப்புக்குள்ள விட்டதே தப்பு. நீ படிச்சு மருந்துக்கடை வச்சா ஊரே ஆஸ்பத்திரியில கிடக்கும்"னு நல்லா ஏசிட்டேன். அவ பி.பார்ம். சேரணும்னு சொல்லிக்கிட்டுத் திரியுறவ. கட்-ஆஃபுக்கு ஒவ்வொரு மார்க்கும் உயிராம். ஏச்சை வாங்கிக்கிட்டு, கண்ணாடித் துண்டைப் பெருக்கிட்டு, "அக்கா, இன்னொரு தடவை செஞ்சு பாக்கட்டுமா"ன்னு நிக்கிறா.

அஞ்சு மணி வரைக்கும் பூட்டாம உக்காந்திருந்தேன். அவளுக்காக இல்லை. எனக்குத் துடைக்க வேண்டிய சாமான் கிடந்துச்சு. நாளையிலிருந்து காலையில எட்டு மணிக்கே வந்து பழகிக்கச் சொல்லியிருக்கேன். உடைச்சா எல்லாரும் பாக்குற நேரத்துல உடைக்காம இருக்கட்டும்னுதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்னைக்குத்தான் பெரிய வேலை. ஆக்ஸாலிக் அமிலம் கரைச்சேன். இதை வச்சுத்தான் பிள்ளைங்க ப்யூரெட்டுல இருக்கிற ஊதாக் கரைசலோட, அதாவது பர்மாங்கனேட்டோட, வீரியத்தைக் கண்டுபிடிக்கணும். இருபது மில்லி அமிலத்துல ஊதாவைச் சொட்டுச் சொட்டா விட்டு, இளஞ்சிவப்பு வந்து நிக்கிறப்ப எத்தனை மில்லி இறங்கியிருக்குன்னு பாக்கணும், அதுதான் ரீடிங். அதுக்கப்புறம் அந்த ஊதாவை வச்சு இன்னொரு கரைசல். ஆக, முதல் கரைசல் சரியா இருந்தாத்தான் மத்தது எல்லாம் சரி.

ஒரு லிட்டருக்கு அறுபத்து மூணு கிராம். இது எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். அறுபத்து மூணு போட்டா ஒரு நார்மல் வீரியம். அதுல நூறு மில்லியை எடுத்து ஆயிரம் ஆக்கினா பத்துல ஒண்ணு, பிள்ளைங்களுக்குக் குடுக்க வேண்டியது. நிறுத்துப் போட்டேன். பொடி கொஞ்சம் மாவா இருந்துச்சு. எப்பவும் கல்கண்டு உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருக்கும். புதுக் கம்பெனி நல்லா அரைச்சு அனுப்பியிருக்கான் போல. சீக்கிரம் கரைஞ்சிருச்சு, நல்லதாப் போச்சு.

வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டு, ஏன் லேட்டுன்னு கேட்டாரு. சொன்னேன். "நூறு மில்லியில ஒரு லிட்டர் தண்ணியை ஊத்துறதுக்கு ஒரு நாளா"ன்னாரு. அங்கதான் எல்லாரும் கவுந்துருவாங்க. நூறுல ஒரு லிட்டரை ஊத்தினா ஆயிரத்து நூறு ஆயிடும், வீரியம் குறைஞ்சு போகும். நூறை எடுத்துக்கிட்டு, தண்ணி ஊத்தி, குடுவைக் கழுத்துல இருக்கிற கோட்டுல கொண்டுபோய் நிறுத்தணும். கடைசி நாலு சொட்டைச் சொட்டுச் சொட்டாத்தான் விடணும். இதை எல்லாம் விளக்கினேன். "சாம்பார்ல தண்ணி ஊத்துறப்ப மட்டும் இந்தக் கோட்டைக் காணோமே"ன்னாரு. அவருக்கு இன்னைக்கு ரசம்தான்.

பிப்ரவரி 10, சனி

செந்தூர்பாண்டியன் சார் லேப்புக்கு வந்தாரு. வேதியியல் ஆசிரியர். எம்.எஸ்சி., எம்.ஃபில்., எல்லாம் இருக்கு. மனுஷன் தங்கம், ஆனா ஒரு ப்யூரெட்டைத் தொட்டு நான் பாத்ததில்லை. "அக்கா, பாய்ண்ட் ஒண்ணுதானே"ன்னாரு. ஆமா சார், அமிலமும் ஊதாவும் ரெண்டுமே பாய்ண்ட் ஒண்ணுதான்னேன். "அப்போ இருபதுக்கு இருபது. ரீடிங் இருபது வரணும்"னு நோட்டுல குறிச்சுக்கிட்டாரு. ஒரு தடவை செஞ்சு பாத்துரலாமா சார்னு கேட்டேன். "நீங்க கலக்கினதைச் செஞ்சு வேற பாக்கணுமாக்கா"ன்னு சிரிச்சாரு. அந்த வார்த்தை மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்.

அந்த இருபதை அவரு எதுக்குக் குறிச்சுக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும். தேர்வு அன்னைக்கு மேஜை மேஜையாப் போய், "இருபதை ஒட்டி வரும்மா"ன்னு காதுல போட்டுருவாரு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்குறதுதான். பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்னு செய்யுறது. நான் அதுல தலையிடுறதில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

முதல் பிரிவு முடிஞ்சது. இருபத்து நாலு பிள்ளைங்க. வெளித் தேர்வாளர் ரெஜினா மேடம், வேற ஊர்ப் பள்ளிக்கூடம். மூக்குக் கண்ணாடியை இறக்கி மேலாகப் பாக்குற ஆளு. அவங்க கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போன நேரமாப் பாத்து, சார் ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டாரு.

பர்மாங்கனேட் அடி தட்டிருச்சு. நாலு லிட்டர் கலக்கினா எப்பவும் மிஞ்சும். இந்த வருஷத்துப் பிள்ளைங்க தொட்டியில ஊத்துதுங்க போல, அருமை தெரியாததுங்க.

சாயங்காலம் சார் வந்து, "உங்க செல்லப்பிள்ளை கவுத்துட்டாக்கா"ன்னாரு. மாரீஸ்வரி இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கா. இருபத்துமூணு பேரு இருபது, இருபது புள்ளி ஒண்ணுன்னு எழுதியிருக்க, இவ ஒருத்தி மட்டும் இருபத்தெட்டு. கடைசி விடையும் கால் பங்குக்கு மேல குறைஞ்சு போச்சு. அந்தக் கணக்குக்கு உண்டான மார்க் மொத்தமும் போகுது. நாளைக்கு ரெண்டாவது பிரிவு முடிஞ்சதும் மார்க் பட்டியலை உறையில போட்டு ஒட்டி அனுப்பிருவாங்க. அப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.

எனக்கு வந்த கோவத்துக்கு, பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டேன். நின்னுக்கிட்டு இருந்தா.

"மேல் வளைவைப் பாத்தியா, கீழ் வளைவைப் பாத்தியாடி? ஊதாவுக்கு மேலதான் பாக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்."

"மேலதான்க்கா பாத்தேன்."

"சூடு பண்ணினியா?"

"கை பொறுக்குற சூடு. மூணு தடவை செஞ்சேன்க்கா. மூணு தடவையும் இருபத்தெட்டு."

"சார் இருபதுன்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு. ஆனா இருபதுல கலரே வரலையேக்கா."

என் கரைசல் தப்பாகாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ அழலை. பஸ் ஏறினப்பக்கூடத் திரும்பி என்னைத்தான் பாத்தா. வீட்டுக்கு வந்து சோறு இறங்கலை. பர்மாங்கனேட் ஏன் தீந்துச்சுன்னு ஒரு நினைப்பு வந்து உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில ஏழரைக்கே போய் லேப்பைத் திறந்தேன். கண்ணாடி மறக்காம எடுத்துக்கிட்டேன். நானே செஞ்சு பாத்தேன். இருபதுல கலர் வரலை. இருபத்தஞ்சுல வரலை. இருபத்தெட்டுல ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு வந்து நின்னுருச்சு. மறுபடி செஞ்சேன். இருபத்தெட்டு.

உக்காந்து ஒரு காகிதத்துல எழுதினேன். இருபது மில்லி அமிலத்துக்கு இருபத்தெட்டு மில்லி ஊதா ஆகுது. ஊதா பாய்ண்ட் ஒண்ணு. அப்போ அமிலம் பாய்ண்ட் ஒண்ணு நாலு. இது தண்ணி விட்டுப் பத்து மடங்கா ஆக்கினது. அப்போ தாய்க் கரைசல் ஒண்ணு புள்ளி நாலு. அறுபத்து மூணு கிராம் போட்டு ஒண்ணு புள்ளி நாலு வருதுன்னா, ஒரு நார்மலுக்கு எத்தனை கிராம்? அறுபத்து மூணை ஒண்ணு புள்ளி நாலால வகுத்தா நாற்பத்தஞ்சு. கொஞ்சம் கூட இல்லை, கொஞ்சம் குறைய இல்லை.

நாற்பத்தஞ்சைப் பாத்ததும் பேனாவைக் கீழே வச்சுட்டேன். அந்த எண்ணு எனக்குத் தெரியும். நாம வழக்கமா வாங்குற ஆக்ஸாலிக் அமிலப் படிகத்துக்குள்ளேயே தண்ணி இருக்கும். அதோட சேத்துத்தான் அறுபத்து மூணு. அந்தத் தண்ணியை நீக்கின வெறும் அமிலம்னா நாற்பத்தஞ்சு. ஓடிப்போய் டப்பாவை எடுத்துப் பாத்தேன். பேருக்குக் கீழே எறும்பு எழுத்துல 'அன்ஹைட்ரஸ்'னு போட்டிருக்கு. நீரற்றது. கம்பெனிக்காரன் மறைக்கலை, ஒளிக்கலை, எழுதித்தான் அனுப்பியிருக்கான். பத்தொன்பது வருஷப் பழக்கத்துல நான்தான் படிக்கலை. மாவா இருக்கேன்னு கண்ணு சொல்லியும் கேக்கலை.

முதல்ல இன்னைக்கு வேலையைப் பாப்போம்னு எழுந்தேன். பத்து மணிக்கு ரெண்டாவது பிரிவு வந்துரும். தாய்க் கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை. ஒண்ணு புள்ளி நாலைப் பாய்ண்ட் ஒண்ணாக்க, ஆயிரத்துக்கு நூறு எடுக்காம எழுபத்தொண்ணு புள்ளி நாலு எடுத்தாப் போதும். ப்யூரெட்டாலேயே அளந்து எடுத்து, கோடு வரைக்கும் தண்ணி விட்டேன். செஞ்சு பாத்தேன். இருபது. சனிக்கிழமை இப்படிச் செஞ்சு பாக்க எனக்கு அரை மணி நேரம் இல்லாமப் போச்சு.

ஒன்பது மணிக்கு சார் வந்தாரு. சொன்னேன். முகம் வெளுத்துருச்சு.

"இப்ப எதுக்குக்கா இதைக் கிளறுறீங்க? இருபத்துமூணு பிள்ளைங்களுக்கு நல்ல மார்க் வந்தாச்சு."

"இல்லாத கலரைப் பாத்ததா எழுதினதுக்கு வந்திருக்கு சார். இருக்கிற கலரைப் பாத்தவளுக்குப் போயிருச்சு."

"ஒருத்திக்காக எல்லாரையும் மாட்டி விடுவீங்களா? என்னையும் சேத்து?"

சாரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா நேத்து அந்தப் பிள்ளைகிட்ட என் கரைசல் தப்பாகாதுன்னு சொன்னது நான். தப்பு என் டப்பாவுல இருக்க, அவ கண்ணைக் குறை சொல்லிட்டு வந்தவ நான். அதை வச்சுக்கிட்டு எப்படிச் சோறு திங்கிறது.

ரெஜினா மேடம் வந்ததும் நேரா போனேன். "மேடம், நேத்துக் குடுத்த அமிலக் கரைசல் தப்பு. வீரியம் கூடிப் போச்சு. அந்த இருபத்தெட்டுதான் சரியான ரீடிங்"னேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பாத்தாங்க. "கரைசல் யார் தயாரிச்சது?"

சார் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"நான்தான் மேடம்."

"நீங்க யாரு?"

"லேப் அசிஸ்டென்ட்."

"எவ்வளவு கூடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாக்பீசை எடுத்து போர்டுல போட்டேன். இருபது, இருபத்தெட்டு, பாய்ண்ட் ஒண்ணு நாலு, பத்து மடங்கு, ஒண்ணு புள்ளி நாலு, நாற்பத்தஞ்சு. டப்பாவையும் கொண்டாந்து வச்சேன். பிளஸ் டூல வேதியியல்ல நான் இருநூறுக்கு நூத்தி எண்பத்தொன்பது. அதுக்கு மேல வீட்டுல அனுப்பலை. அது இப்ப எதுக்கு. போர்டுல கணக்குப் போட்டு முப்பது வருஷம் இருக்கும்.

மேடம் ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் நேத்துக் கரைசல்ல அவங்களே ஒரு தடவை செஞ்சு பாத்தாங்க. இருபத்தெட்டு. நேத்து விடைத்தாளை எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாப் புரட்டினாங்க. "இருபத்துமூணு பேரு கண்ணுக்கு இல்லாத கலர் தெரிஞ்சிருக்கு"ன்னாங்க. சாரை ஏறிட்டுக்கூடப் பாக்கலை. அவரு அங்கேயே கூசிப் போயிட்டாரு.

பட்டியல் ஒட்டலைங்கிறதால, மதியம் அந்த இருபத்துமூணு பிள்ளைங்களையும் வரவழைச்சு மறுபடி செய்ய வச்சாங்க. சார் வெளியே வராண்டாவுல. முக்கால்வாசிப் பேரு ஒழுங்காத்தான் செஞ்சாங்க. சொல்லாமலே வந்திருக்கும் அதுங்களுக்கு. அஞ்சு பேருக்கு மார்க் கொஞ்சம் இறங்குச்சு. அதுல ஒருத்தி என்னைத் தாண்டிப் போறப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. பொறுத்துக்கிட்டேன். என்னால வந்ததுதானே.

மாரீஸ்வரி மறுபடி செய்ய வேண்டியதில்லைன்னுட்டாங்க மேடம். அவ எழுதின ரீடிங்கை வச்சு, பாய்ண்ட் ஒண்ணு நாலுன்னு போட்டு மேடமே கணக்குப் பண்ணினாங்க. சரியான விடைக்கும் அவ விடைக்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. முழு மார்க். அவளைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். தப்பு என்னோடதுன்னும் சொன்னேன்.

"அப்போ நான் பாத்தது சரிதானேக்கா?"ன்னா. மார்க்கைப் பத்தி அவ கேக்கலை.

"நீ மட்டும்தான்டி சரி"ன்னேன். எனக்குப் பெருமை தாங்கலை. அழுகையும் வந்துருச்சு. திரும்பி நின்னுக்கிட்டுக் கழுவின பிளாஸ்க்கையே மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 14, புதன்

சார் லேப் பக்கமே வரலை. கேஸ் வந்துருச்சு.

பிப்ரவரி 16, வெள்ளி

எச்.எம். கூப்பிட்டாங்க. ரெஜினா மேடம் அறிக்கை அனுப்பிட்டாங்களாம், மேலிடத்துல இருந்து விளக்கம் கேப்பாங்களாம். எச்.எம். நல்லவங்க, என் மேல பிரியம் உண்டு.

"குருவம்மா, சட்டப்படி கரைசல் தயாரிக்கிறது ஆசிரியர் வேலை. உங்க வேலை கழுவுறது, எடுத்து வைக்கிறது. 'நான் பாத்திரம் மட்டும்தான் கழுவினேன், கரைசல் பத்தி எனக்கு எதுவும் தெரியாது'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க பக்கம் ஒண்ணும் வராது."

"அப்போ சாருக்கு?"

"அவர் செஞ்சு பாக்காம விட்டாருல்ல. அதுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்."

யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு. இன்க்ரிமெண்டை நிறுத்திட்டா என்ன பண்ணுவ?"ன்னாரு. அவரு சொல்றதும் நியாயம்தான். ரெண்டு தடவை எழுதிப் பாத்தேன். 'எனக்கு எதுவும் தெரியாது'ங்கிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்னுருச்சு. தெரியாதாமே. எனக்கா.

பிப்ரவரி 19, திங்கள்

எச்.எம்.கிட்ட உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுத்துட்டேன். படிச்சுட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாங்க. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்க"ன்னாங்க. ஓணான் என்னுது மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சார் லேப்புக்கு வந்தாரு. "அந்த ப்யூரெட்டைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்கக்கா, செஞ்சு பாக்குறேன்"னாரு. மாட்டிக் குடுத்தேன். முதல் தடவை தாண்டிப் போயிட்டாரு. நான் சிரிக்கலை.

பிப்ரவரி 26, திங்கள்

மெமோ வந்துருச்சு. சாருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எச்.எம். தயங்கித் தயங்கித்தான் கையில குடுத்தாங்க. அங்கேயே நின்னு படிச்சேன்.

'மேற்படி தேர்வுக்குத் தாங்கள் தயாரித்த ஆக்ஸாலிக் அமிலக் கரைசலின் செறிவில் ஏற்பட்ட பிழை குறித்து, ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்குமாறு தெரிவிக்கப்படுகிறது.'

தாங்கள் தயாரித்த. அந்த ரெண்டு வார்த்தையை மறுபடி மறுபடி படிச்சேன். வருகைப் பதிவேட்டுல என் பேரு இருக்கு, சம்பளப் பட்டியல்ல இருக்கு, உடைஞ்ச கண்ணாடிச் சாமான் நோட்டுல இருக்கு. நான்தான் தயாரிச்சேன்னு அரசாங்கம் முத்திரை வச்சு எழுதின காகிதம் இதுதான் முதல் தடவை. பயமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நெஞ்சு நிமிந்துதான் நிக்குது, அதையும் மறைக்க மாட்டேன். "வருத்தப்படாதீங்க குருவம்மா"ன்னாங்க எச்.எம். வருத்தம் இல்லை மேடம், ஒரு நகல் கிடைக்குமான்னு கேட்டேன்.

ஏழு நாள் எதுக்கு. ஆபீஸ் மேஜையிலேயே உக்காந்து, டைப்பிஸ்ட் பொண்ணுகிட்ட ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதிக் குடுத்துட்டேன். நான் எழுதினது இவ்வளவுதான்:

'ஐயா, குறிப்பாணையில் கண்டது உண்மை. மேற்படி கரைசலைத் தயாரித்தது நான். டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படிக்காமல் விட்டது என் தவறு. கணக்கும் திருத்தமும் இணைத்துள்ளேன். இதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகளாக இப்பள்ளியின் எல்லாக் கரைசல்களையும் தயாரித்ததும் நான்தான். அவை அனைத்தும் சரியாக இருந்தன என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'